படித்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கவும்

பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இந்த மாதிரிக் கட்டுரை எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. நூலகர் வேலையை விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. திரும்பப் போவதாக இல்லை. ஆகவே நானும் ஓய்வு பெற்றவள்தான், பென்ஷன் ஒன்றுதான் குறை.

என்னோடு நூலக அறிவியல் படித்த ஜூனியர் ஒருத்தி, எங்கள் துறை வெளியிடும் இந்த மலருக்காகப் போன் செய்தாள். "அக்கா, 'புதிய தொழில்நுட்பத்துக்கு நூலகர்கள் எப்படி ஈடுகொடுப்பது'ன்னு ஒரு கட்டுரை வேணும். நீங்கதான் அதுல கிங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. பாசிட்டிவா எழுதுங்கக்கா."

"பாசிட்டிவா வராதுடி. கோபமாத்தான் வரும்."

"பரவால்லக்கா, நாங்க எடிட் பண்ணிக்கிறோம்."

எடிட் செய்வதாக இருந்தால் போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இயந்திரத்துக்கு எதிரி கிடையாது. புது மென்பொருள் ஒன்று வந்தால் அன்றைக்கே இறக்கி, உடைத்து, திரும்பச் சேர்த்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எம்.லிப். படித்த இரண்டு வருடத்தில் புத்தக வகைப்பாட்டு எண்களை மனப்பாடம் செய்தோம், ஓடாத கணினியின் முன்னால் உட்கார்ந்து, ஓடும் மென்பொருளைப் பற்றித் தேர்வு எழுதினோம். மற்றதெல்லாம் நானே வீடியோ பார்த்துக் கற்றதுதான். பெங்களூரில் அல்சூரிலிருந்து ஹெப்பகோடிக்கு வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பக்கம் மெட்ரோ கிடையாது. சில்க் போர்டில் பஸ் மாறி, ஓசூர் ரோட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்து நிரல் எழுதக் கற்றேன்.

அந்த நூலகத்தைத் தொழிற்சாலைகள் சில சேர்ந்து நடத்திய ஓர் அறக்கட்டளை வைத்திருந்தது. கீழே அலுவலகம், மாடியில் நூலகம். தொழிலாளர்களுக்காக என்று வாசலில் பலகை. ஆனால் உறுப்பினராக வேண்டுமென்றால் உள்ளூர் முகவரிக்குச் சான்று வேண்டும். பொம்மசந்திரா கம்பெனிகளில் காண்ட்ராக்டில் வேலை செய்து, ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் பையன்களின் ஆதாரில் திருவண்ணாமலையும் தர்மபுரியும் ராய்ச்சூரும்தான் இருக்கும். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் போட்டுத் தர மாட்டார். அதனால் அவர்கள் யாரும் உறுப்பினர் இல்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து, அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார்கள்.

என் மேலதிகாரி நாகராஜ் சார். தலைமை நூலகர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகவே பேசுவார். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் முதலில் இடது வில்லையைத் துடைப்பார், பிறகு வலது வில்லையை, பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், திரும்ப மாட்டிக்கொண்டு, "நோடோணம்மா" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். என்னிடம் அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க லேமினேட் செய்த சான்றிதழ்கள். எல்லாம் இணையவழிக் கருத்தரங்குகளில் வாங்கியவை. க்ளவுட், பிளாக்செயின், செயற்கை நுண்ணறிவு, எதையும் விட்டுவைக்கவில்லை. கருத்தரங்கை ம்யூட்டில் ஓடவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். முடிவில் ஒரு படிவம் வரும், எல்லாக் கேள்விக்கும் 'எக்ஸலன்ட்' என்று அழுத்தினால் சான்றிதழ் வந்துவிடும். ஒருமுறை பார்த்துக்கொண்டே நின்ற என்னிடம், "நீயும் சேந்துக்கோம்மா, ப்ரமோஷனுக்கு ஆகும்" என்றார்.

"சார், அவங்க என்ன பேசினாங்க?"

"லிங்க் கட் ஆயித்து" என்றார், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

நம் தொழிலில் தொழில்நுட்பத்துக்கு ஈடுகொடுப்பது என்பது பெரும்பாலும் இதுதான். எனக்கு எரிந்தது. ஆனாலும் அவர் என்னைத் தடுக்கவில்லை என்பதால் வேலை நடந்தது. தமிழ், கன்னடப் புத்தகங்களின் பெயர்களையெல்லாம் முன்பு இருந்தவர்கள் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு மாதிரி அடித்து வைத்திருந்தார்கள். தேடினால் ஒன்றும் கிடைக்காது. அத்தனையையும் அதனதன் எழுத்துக்கு மாற்றினேன். பார்கோடு ஒட்டினேன். வாசகர் தன் போனிலேயே தேடலாம் என்று ஆக்கினேன். அதெல்லாம் சந்தோஷமான வருடங்கள், ஒளிக்க வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்தில் வேலை செய்யாதவர்களுக்காக ஒரு நடைமுறையை விளக்கியாக வேண்டும்.

எந்த நல்ல நூலகத்திலும், 'படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுச் செல்லவும்' என்று எழுதியிருக்கும். வாசகர் அடுக்கினால் இடம் மாறிப்போகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் முக்கியம். மேசையில் கிடக்கும் புத்தகங்களை ஊழியர் தள்ளுவண்டியில் சேகரிப்பார். அலமாரியில் வைப்பதற்கு முன்னால், கணினியில் 'உள்பயன்பாடு' என்ற பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பார்கோடையும் ஸ்கேன் செய்வார். பீப் என்று ஒரு சத்தம். இந்தப் புத்தகத்தை யாரோ இன்றைக்கு இங்கே படித்தார் என்று பதிவாகிவிடும். வீட்டுக்கு எடுத்துப் போகாத வாசகர் இந்த உலகத்தில் இருக்கிறார் என்பதற்கு அந்த பீப் தவிர வேறு சாட்சி கிடையாது.

எங்கள் நூலகத்தில் பலகை தலைகீழ். 'படித்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கவும்' என்று மூன்று மொழியில். ஏனென்றால் நன்கொடை தரும் கம்பெனிகளிலிருந்து திடீர் திடீரென்று ஆள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். மேசை காலியாக, பளபளவென்று இருக்க வேண்டும். புத்தகம் கிடந்தால் குப்பை மாதிரித் தெரியுமாம். நூலகத்தில் புத்தகம் குப்பை!

"சார், இப்படி இருந்தா உள்பயன்பாடே பதிவாகாது. ரிப்போர்ட்ல ஜீரோன்னு வரும்" என்று சேர்ந்த முதல் வருடமே சொன்னேன். மின்னஞ்சலிலும் எழுதினேன். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, வெளிச்சம். நோடோணம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர்களில் ஒருவர் ஏழுமலை. திருவண்ணாமலைப் பக்கம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். மின் மேற்பார்வையாளர் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். உரிமம் இருந்தால் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் அந்த வருடம் காண்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். எங்களிடம் தொழிற்பயிற்சிப் புத்தகங்கள் ஒரு முழு அலமாரி இருந்தன. வயரிங், எர்த்திங், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். ஆங்கிலப் புத்தகத்தை ஒரு பக்கமும் தமிழ்ப் புத்தகத்தை இன்னொரு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, நடுவில் வாயால் முணுமுணுத்துக்கொண்டே படிப்பார்.

"போன்லயே கிடைக்குமே ஏழுமலை, ஏன் இவ்ளோ தூரம் வர்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போன்ல படிக்க குந்துனா ரீல்ஸ்தான் மேடம் ஓடுது. அதுவுமில்லாம ரூம்ல ஷிப்டு மாத்தி மாத்தித் தூங்கறானுங்க. லைட்டுப் போட்டா செருப்பு பறந்து வரும்."

கிளம்பும்போது இரண்டு புத்தகத்தையும் தூசி தட்டி, எடுத்த இடத்திலேயே, முதுகு வரிசையாக நிற்கும்படி வைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். அவரைப் போலத்தான் எல்லாரும். எங்கள் நூலகத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட வாசகர்தான் கணினிக்கு இல்லாத வாசகர்.

அப்புறம் கரண் வந்தார். அறக்கட்டளையின் புது ப்ராஜெக்ட் மேனேஜர். என் வயதுதான், பெரிய படிப்பு, வேகமான ஆள். எங்கள் மென்பொருளோடு ஒரு டாஷ்போர்டை இணைத்தார். எந்த அலமாரி எவ்வளவு ஓடுகிறது என்பதைத் திரையில் நிறமாகக் காட்டும். நன்றாக ஓடினால் பச்சை, ஓடாவிட்டால் சிவப்பு. தொழிற்பயிற்சி அலமாரி ரத்தச் சிவப்பு.

"இத எடுத்துட்டு இங்க டிஜிட்டல் கார்னர் போடறோம். டச் ஸ்க்ரீன். மின்நூல், வீடியோ, எல்லாம். மெம்பர் ஐடி போட்டா திறக்கும்" என்றார்.

"அந்த அலமாரியப் படிக்கிறவங்க யாரும் மெம்பர் இல்ல சார்."

"படிக்கிறவங்களே இல்லன்னு டேட்டா சொல்லுதே மேடம்."

நான் விளக்கினேன். பலகையைக் காட்டினேன். உள்பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, அது ஏன் காலியாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அறக்கட்டளையின் கமிட்டி கூடுவதற்குள் ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

நானே பலகைகளைக் கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரிடமும் போய், புத்தகத்தை மேசையிலேயே விட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். யாரும் நம்பவில்லை. ஏழுமலை மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பிடியே போட்டுட்டா செக்யூரிட்டி திட்டுவாரே மேடம்."

"அவர நான் பாத்துக்கிறேன். போடுங்க."

"இல்ல, உங்களுக்கு எதுக்கு வேல..."

"அதுதாங்க என் வேல!"

சத்தமாகச் சொல்லிவிட்டேன். வாசல்வரை போனவர், செருப்பு மாட்டினவர், கழற்றிவிட்டுத் திரும்பி வந்து புத்தகத்தை அலமாரியில் வைத்தார். "கை ஒப்பல மேடம்" என்றார். எதற்காகக் கேட்கிறேன் என்று உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கப்புறம் அவரே மற்றவர்களிடம், "டேய், வெச்சிட்டுப் போடா, மேடம் எண்ணணுமாம்" என்று மிரட்ட ஆரம்பித்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் தள்ளுவண்டி நிறைந்தது. பீப், பீப், பீப். மூடும் நேரம் தாண்டியும் ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

கமிட்டியில் திரையைத் திருப்பிக் காட்டினேன். கரண் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இத்தன வருஷம் ஜீரோ. நீங்க சொன்னதும் ஒரே தூக்கா தூக்குது. இத எப்படி எடுத்துக்கறது? ஸ்கேன் பண்ணினதும் நீங்கதான். நான் உங்கள சந்தேகப்படல, ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சந்தேகமா இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை வந்து இங்க உக்காருங்க சார். உங்க கண்ணாலயே பாருங்க."

"சண்டே ஃபேமிலி டைம் மேடம்." மற்றவர்கள் சிரித்தார்கள். "டேட்டாவுக்கு எமோஷன் கிடையாது."

"கண்ணும் கிடையாது சார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் நாகராஜ் சாரைப் பார்த்தேன். அந்த வாசகர்களை என்னைவிட அதிக வருடம் பார்த்தவர் அவர். ஏழுமலையை வாசலில் கண்டால், "ஏனப்பா, ஊட்ட ஆய்த்தா?" என்று சாப்பாடு விசாரிப்பவர். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். "மேடம் சொல்றதும் கரெக்ட். ரிப்போர்ட்டும் கரெக்ட்" என்றார். அலமாரியை எடுக்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் என்னிடம், "இன்னும் ரெண்டு வருஷம்மா எனக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு" என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. கரண் அறியாமல் செய்தார், அவரையாவது விட்டுவிடலாம்.

புத்தகத்தை நூலகத்திலிருந்து நீக்குவது எப்படி என்று மலர் வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. உள்ளட்டையில் நூலக முத்திரைக்குக் குறுக்கே 'நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இன்னொரு முத்திரை குத்த வேண்டும். பார்கோடைக் கறுப்பு மையால் கோடு போட்டு அழிக்க வேண்டும். முதுகிலுள்ள எண்சீட்டை உரிக்க வேண்டும். கணினியில் அந்தப் புத்தகத்தின் நிலையை மாற்ற வேண்டும். ஒரு பட்டனை அழுத்தியதும், தேடினால் அப்படி ஒரு புத்தகமே இருந்ததில்லை என்பது போல் ஆகிவிடும். அத்தனையும் நான்தான் செய்தேன். எண்சீட்டை உரிக்கும்போது விரல்நகத்துக்குள் பசை ஏறிக்கொண்டது. கட்டுக்கட்டாகக் கயிறு கட்டிப் பின்பக்கத்து வராந்தாவில் வைத்தோம். பழைய பேப்பர் எடுப்பவருடைய வண்டி திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

அந்த ஞாயிறு ஏழுமலை வந்தார். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அலமாரி இருந்த இடத்தில் திரைகள் நின்றன. தொட்டார். 'வெல்கம்' என்று ஒரு பெண் குரல். உறுப்பினர் எண்ணைக் கேட்டது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவேயில்லை. அந்தத் திரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஏதோ ஆபீசில் ஆபீசருக்கு முன்னால் நிற்பது மாதிரி.

வராந்தாவுக்குப் போய் நாகராஜ் சார் வீட்டுக்குப் போன் செய்தேன். "சார், நீக்கின புத்தகத்த வாசகர்களுக்குக் குடுக்கிறேன்."

"நோடோணம்மா..."

"நோட நேரமில்ல சார். நாளைக்கு வண்டி வந்துடும். ஆமாவா, இல்லையா?"

எதிர்ப்பக்கம் டிவி சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது. "நீக்கினத இலவசமா குடுக்கலாம்னு ரூல்ல இருக்கு" என்றார். "ஆயித்து, கொடு." என் பணிக்காலத்தில் அவரிடமிருந்து வந்த ஒரே 'சரி' அதுதான். அதைக் கமிட்டியில் சொல்லியிருக்கலாம்.

கயிற்றை வெட்டினேன். ஏழுமலை தன் இரண்டு புத்தகங்களையும் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கையில் எடுக்கவில்லை. "சீல் குத்தின புக்கு மேடம். கேட்டுல பிடிச்சா, திருடிட்டுப் போறான்னு சொல்ல மாட்டாங்களா?"

உரிமையோடு எடுத்துக்கொள் என்றால்கூட ஒரு மனிதனுக்கு வரக்கூடிய முதல் பயம் அது. எனக்கு வந்த கோபத்தில் கண்ணே இருட்டியது. ஒரு புத்தகக் கட்டை நானே தூக்கிக்கொண்டு அவரோடு கேட்வரை நடந்தேன். செக்யூரிட்டி எழுந்து நின்றார். "இதெல்லாம் இனிமே இவங்களோடது" என்றேன். அன்று மாலைக்குள் அவரும் அறைக்காரர்களும் வந்து எல்லாக் கட்டுகளையும் தூக்கிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தேன். கரணின் அடுத்த அறிக்கை வந்தது. டிஜிட்டல் கார்னர் பச்சைப் பசேல். தினமும் பயன்பாடு. எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் அங்கே நான் யாரையும் கண்டதில்லை. மறுநாள் சீக்கிரம் போய்ப் பார்த்தேன். துப்புரவு வேலை செய்யும் சரளாக்கா ஈரத்துணியால் ஒவ்வொரு திரையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி படப்பட ஒவ்வொன்றும் விழித்துக்கொண்டு வெல்கம், வெல்கம் என்றது.

"தெனமும் இப்படித்தாம்மா. நான் ஒருத்திதான் வரேன், எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெல்கம் சொல்லுது" என்றார் சரளாக்கா. "எம்மருமக கூட சொன்னதில்ல."

கரணிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. "அது ஒரு சாஃப்ட்வேர் பக். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடலாம்" என்றார். துடைக்கிற துணியை வாசகர் என்று எண்ணினால் அது பக், அப்டேட் வரும். படிக்கிற ஆளை எண்ணாமல் விட்டால் அது டேட்டா, அலமாரி போகும். அன்றைக்கே ராஜினாமா கொடுத்தேன்.

ஜூனியர் கேட்டதற்கு என் பதில் இது. புதிய கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாக, வெறியோடு கற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழுக்காக வேண்டாம். கருவி விற்பவர் வரும்போது அது என்னென்ன செய்யும் என்று கேட்காதீர்கள், அதை அவரே சொல்வார். அது எதை எண்ணுகிறது, எப்போது எண்ணுகிறது, யாரை எண்ணாது என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் வாங்கவிடாதீர்கள். அமைப்புப் பக்கங்களை நீங்களே திறந்து பாருங்கள். நிரல் தெரியாவிட்டால் இவை எதையும் கேட்க முடியாது, வந்தவர் சொல்வதற்குத் தலையாட்டத்தான் முடியும். தலையாட்டினால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். எல்லாம் தெரிந்திருந்தும் நான் தோற்றேன் என்பதும் உண்மைதான். தெரியாமல் தோற்பதற்கு இது மேல்.

போன வாரம் ஏழுமலை போன் செய்தார். உரிமம் வந்துவிட்டதாம். கம்பெனியிலேயே எடுத்துக்கொண்டார்களாம். ஹெப்பகோடியில் தனியாக வீடு எடுத்துவிட்டாராம், கல்யாணத்துக்கும் பெண் பார்க்கிறார்களாம். என் சந்தோஷத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"மேடம், இப்ப என் பேர்ல அக்ரிமெண்டு இருக்கு. லோக்கல் அட்ரஸ்! நம்ம லைப்ரரில மெம்பர் ஆய்டட்டுமா?"

அவர் குரலில் அவ்வளவு பெருமை. "ஆகலாம். ஆனா என்ன எடுக்கப் போறீங்க? நீங்க படிச்ச புக்கெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"எங்கூட்டு ஹால்ல."

"யாராவது படிக்கிறாங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஆனா பசங்க வந்துர்றானுங்க மேடம். கால் வெக்க எடமில்ல." சிரித்தார். "ஏன் மேடம், அப்ப நானும் அவனுங்ககிட்ட அட்ரஸ் ப்ரூப் கேக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.